கெட்டிலில் தெரிகிறவர்

"வலைப்பக்கத்துல படம் மெதுவா வரும். எழுத்து முந்திக்கிட்டு வந்துடும். அதான் பிரச்சினையே."

"வந்தா என்ன? வந்ததைப் படிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?"

"படிச்சுக்கிட்டு இருக்கும்போதே படம் வந்து நடுவுல குதிக்கும். நீங்க படிச்ச வரி கீழ எங்கயோ ஓடிப்போயிடும். பட்டனை அமுக்கப் போனா அந்த இடத்துல வேற என்னமோ இருக்கும். அதனால நாங்க முன்னாடியே எழுதி வெச்சுடுவோம். இங்க ஒரு படம் வரப்போகுது, இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்னு. எழுத்தெல்லாம் அந்த இடத்தை விட்டுட்டு மரியாதையா தள்ளி உக்காந்துக்கும்."

"ஓ! பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை."

"என் படிப்பை இதைவிடக் கேவலமா யாராலயும் சொல்ல முடியாது."

"சரி, கோவிச்சுக்காதே. துண்டு போட்டாச்சு. ஆளே வரலேன்னா?"

"யாரு?"

"படம்தான். படமே வரலேன்னா?"

"அதுக்கும் ஒரு வரி எழுதி வைப்போம், இங்க இருக்க வேண்டியது இன்னதுன்னு. படம் வராட்டி அந்த வரி தெரியும். கண்ணு தெரியாதவங்களுக்கு அவங்க கம்ப்யூட்டர் அந்த வரியைத்தான் படிச்சுக் காட்டும்."

"பரவாயில்லையே. ஆள் வராட்டியும் துண்டு பேசும்!"

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு இது. சாப்பாட்டு மேஜையில், எச்சில் தட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் அவள் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினாள். வலைப்பக்கம் என்பது பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. எந்தப் பெட்டியில் படம், எதில் எழுத்து, எது எதன் பக்கத்தில் என்று கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதிவைத்தால் பிரவுசர் அதைப் படித்துப் பக்கத்தை அடுக்கும். அவள் வேலை அதுதான். அவன் புகைப்படக்காரன், கேமராவின் சின்னக் கட்டம் ஒன்றைத் தவிர வேறு கட்டம் அறியாதவன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உத்தரவுங்க, கட்டம்மா" என்றான்.

அன்றிலிருந்து அவள் கட்டம்மா ஆகிப்போனாள். சொந்தப் பெயர் ரேஷன் கணக்காக எப்போதாவதுதான் புழங்கியது.

இப்போது அந்த மேஜையில் ஒரு நாற்காலிதான் நாற்காலியாக இருந்தது. இன்னொன்றில் துவைத்த துணி குவிந்திருந்தது. மடித்து வைக்கலாம் என்று தினமும் நினைப்பாள். மடித்துவிட்டால் நாற்காலி காலியாகத் தெரியும் என்பதால் விட்டுவிடுவாள்.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை. எதிர்க் கட்டிடத்தின் படிக்கட்டு அவள் வேலை செய்யும் ஜன்னலுக்கு நேராக இருந்தது. யாராவது ஏறும்போது ஒவ்வொரு மாடியாக விளக்கு எரியும்; ஏறிப்போனதும் ஒவ்வொன்றாக அணையும். பக்கத்து வீட்டு அழைப்புமணியும் இவள் வீட்டு மணியும் ஒரே கடையில் வாங்கியவை போல ஒரே குரலில் கூவும். அது கூவும்போதெல்லாம் பாதி எழுந்து, பிறகு உட்காருவாள். பேச்சுத் துணைக்கு வாஷிங் மெஷின் இருந்தது. அது சுற்றும்போது ஒரு பக்கமாக நகர்ந்து வரும். "எங்க போறே நீ? உனக்கும் வெளியூர்ல வேலை கிடைச்சுடுச்சா?" என்று கேட்டு, இடுப்பால் ஒரு இடி இடித்துப் பழைய இடத்துக்கே தள்ளுவாள்.

ஒரு ஹோட்டல் குழுமத்துக்காக அவன் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். அறைகள், வராந்தாக்கள், நீச்சல் குளங்கள், வெள்ளை விரிப்புகள். ஒரு மழைக்காலம் முடிகிற வரைக்கும்தான் என்று சொல்லிப் போனது. மழைக்காலங்கள் பல முடிந்துவிட்டன. இடையிடையே வருவான். வந்த களைப்பில் தூங்குவான், அழுக்குத் துணியெல்லாம் துவைத்துக் காய்வதற்குள் கிளம்பிவிடுவான். அவன் எடுக்கும் படங்கள் மட்டும் தவறாமல் அவள் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டருக்கு வந்து சேரும். அதே குழுமத்தின் வலைப்பக்கங்களைக் கட்டுவது அவள் வேலை. ஊருக்கு ஒரு பக்கம். ஆக, கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே பக்கத்தில்தான் குடித்தனம் நடத்தினார்கள், வீட்டில்தான் இல்லை.

அவன் வீட்டோடு இருந்த காலத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவள் பக்கத்தை வலையில் ஏற்றிவிட்டுக் குரல் கொடுப்பாள். அவன் சமையலறையில் டீ போட்டபடியே தன் போனில் திறந்து பார்ப்பான்.

"கட்டம்மா! நீச்சல் குளத்து மேல சாப்பாட்டு ஹால் ஏறி உக்காந்திருக்கு!"

"இப்ப பாருங்க."

"இப்ப குளத்தையே காணோம். தண்ணியெல்லாம் யாரு குடிச்சா?"

"இப்ப?"

"ம்... வந்துடுச்சு."

அந்த 'வந்துடுச்சு' கேட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அவள் கம்ப்யூட்டரில் சரியாக இருந்தால் போதாது. பக்கத்துக்குப் படம் எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரு முகவரி எழுத வேண்டும். முகவரி தன் சொந்த ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருந்தால், தன் வீட்டுப் படம் தன் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஊரில் உள்ள மற்றவர்களுக்கு வெறும் கட்டம்தான். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்து எழுந்த குழி அது. வேறொரு ஆள், வேறொரு கருவியில் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அவன் போன பிறகு அவளே எழுந்து, சமையலறைக்குப் போய், தன் போனில் திறந்து பார்த்துக்கொண்டாள். 'வந்துடுச்சு' என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லியும் பார்த்தாள். சுவர் கேட்டுக்கொண்டது. அதற்கப்புறம் சொல்வதில்லை.

குழுமத்தின் தலைவருக்குப் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒழுங்கான விவரிப்பு இருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. 'அறை ஒன்று', 'அறை இரண்டு' என்று ஒப்பேற்றினால் அவர் காதில் அது அப்படியே விழுந்து, மறுநாள் மேனேஜர் வழியாகத் திரும்பி வரும். அதனால் கட்டம்மா ஒரு முறை வைத்திருந்தாள். படம் வந்ததும், முதன்முதலாகக் கண்ணில் பட்டதைப் பட்டபடியே வேலை நகலில் எழுதிவிடுவாள். கடைசியில் அதைப் பார்த்து, வெட்டிச் சுருக்கி, நல்ல பிள்ளையாக்கி இறுதி நகலில் போடுவாள். வேலை நகல் அவள் கம்ப்யூட்டரில் அவன் அனுப்பியபடியே கிடக்கும் படங்களைக் காட்டும். இறுதி நகல் வலையில் ஏற்றிய படங்களைக் காட்டும்.

வேலை நகலை அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அதில்தான் அவள் அவனைத் தேடினாள்.

தேடல் ஒரு கெட்டிலில் ஆரம்பித்தது. அறையின் மூலையில் ஒரு சின்ன மேஜை, இரண்டு கோப்பை, பளபளவென்று ஒரு மின் கெட்டில். படத்தைப் பெரிதாக்கியபோது கெட்டிலின் வயிற்றில் ஒரு சின்ன உருவம் வளைந்து நின்றது. கேமராவுக்குப் பின்னால் பாதி முகம். அவள் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். போனில் பேசும்போது, "நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடறேன்" என்று சொல்கிறவன்தான். கெட்டில் வேறு மாதிரி சொன்னது.

அப்புறம் ஒவ்வொரு படத்திலும் தேடினாள். ஜன்னல் கண்ணாடி. விளக்கின் பித்தளைத் தண்டு. குழாயின் வளைவு. கவிழ்த்து வைத்த கரண்டி. எங்காவது ஒரு ஓரத்தில் இருந்தான். களைப்பில் கவனம் தப்புகிறது போலிருக்கிறது, முன்பெல்லாம் இப்படிப் படத்துக்குள் விழ மாட்டானே என்று நினைத்துக்கொள்வாள். படங்களில் ஆள் தெரியக்கூடாது என்பது குழுமத்தின் விதி. ஆகவே பார்த்து முடித்ததும், தூரிகையைச் சின்னதாக்கி, பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசிப் பூசி அவனை அழிப்பாள். சட்டை முதலில் போகும். முகத்தைக் கடைசியாக அழிப்பாள். கெட்டில் மறுபடி வெறும் கெட்டிலாகும். அந்தச் சுத்தமான படத்தைத்தான் உலகம் பார்க்கும்.

நேற்று அவன் கூப்பிட்டிருந்தான். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"தூரத்துல புதுசா நாலஞ்சு இடம் கட்டறாங்களாம். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதித் தரச் சொல்றாங்க. நடுவுல லீவு கஷ்டம்."

"ஓ."

"நாளைக்குச் சாயங்காலம் மீட்டிங். அங்கயே சரின்னோ முடியாதுன்னோ சொல்லணும். நீ என்ன சொல்றே?"

"உங்க இஷ்டம்ங்க."

"ம். யோசிச்சுக்கோ. நாளைக்குக் கூப்பிடறேன்."

போனை வைத்த பிறகு துணிக்குவியலில் இருந்து அவனுடைய சட்டை ஒன்றை உருவி மடித்தாள். பிறகு பிரித்து மறுபடி குவியலிலேயே போட்டாள்.

'உங்க இஷ்டம்' என்ற அந்தச் சொல்லை அவள் அம்மா வீட்டிலிருந்து சீதனமாக எடுத்து வந்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இளம் வயதில் பெரிய இடமாற்றம் ஒன்று வந்தது. அம்மா போக வேண்டாம் என்றாள், அவர் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்லாத சாப்பாட்டு நேரமே கிடையாது. சட்டை கிழிந்தால், குழாயில் தண்ணீர் நின்றால், "எல்லாம் உங்கம்மாவுக்காக விட்டேன்" என்பார். அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே முணுமுணுப்பாள்: "ஒரே ஒரு தடவை கேட்டேன். ஆயுசு பூரா கேட்டுக்கிட்டே இருக்கேன்." தன் கல்யாணத்தில் அப்படி ஒரு சொல் எழக்கூடாது என்று கட்டம்மா சின்ன வயதிலேயே முடிவு கட்டியிருந்தாள். யார் வழியிலும் நிற்கக்கூடாது. கேட்டால்தானே சொல்லிக்காட்டுவார்கள்?

இன்று காலையில் நாத்தனார் கூப்பிட்டாள். அவனுடைய அக்கா. பேச்சில் உப்பும் காரமும் தூக்கலாக இருக்கும். உள்ளே வஞ்சகம் கிடையாது.

"ஏம்மா, தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கான். பார்த்தியா? அந்தக் கட்டில்ல ஒரு குடும்பமே படுக்கலாம். அதையெல்லாம் பார்த்தவன் உங்க புறாக்கூட்டுக்குத் திரும்பி வருவானா?"

"அதுல அவரு படுக்கறதில்லை அண்ணி. எடுக்கத்தான் செய்யறாரு. அவருக்குப் பின்கட்டுல சின்ன ரூம்."

"எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கே. ரெண்டு வருஷமாமே இன்னும்? நீ என்ன சொன்னே?"

"அவர் இஷ்டம்னேன்."

"நல்லா சொன்னே போ! அவன்கிட்ட கேட்டா, 'அவ ஒண்ணும் சொல்லலக்கா'ங்கறான். உன்கிட்ட கேட்டா அவர் இஷ்டம்ங்கறே. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு வெளியவே நில்லுங்க. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"அண்ணி, அவர் கூப்பிடுவாரு. போனை வைக்கட்டுமா?"

"வெச்சுக்கோ, வெச்சுக்கோ. கூப்பிட்டா மட்டும் என்ன பேசிக் கிழிக்கப் போறே."

போனை மேஜை நடுவில், திரை மேலே தெரியும்படி வைத்தாள். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. ஒரு நிமிஷம் தொட்டால் அந்த நிமிஷத்தில்தான் அவன் கூப்பிடுவான் என்று ஒரு பயம்.

சாயங்கால மீட்டிங்கில் புது ஹோட்டலின் பக்கத்தையும் காட்டப்போகிறார்கள். மதியத்துக்குள் ஏற்றியாக வேண்டும். கட்டம்மா உட்கார்ந்து வேலையை முடித்தாள். கடைசிப் பெட்டி ஒன்று படுத்தியது. அதற்குள் இருந்த படங்களை எல்லாம் இடமும் வலமுமாக மிதக்கவிட்டிருந்தாள். உள்ளே இருப்பவை எல்லாம் மிதக்க ஆரம்பித்தால், வெளிப்பெட்டி தனக்குள் ஒன்றுமே இல்லை என்று எண்ணிக்கொண்டு உயரமே இல்லாமல் சுருங்கிவிடும். பழைய தொல்லைதான், மருந்தும் தெரிந்ததுதான். ஒரு வரி சேர்த்தாள், பெட்டி நிமிர்ந்தது. அவளும் நிமிர்ந்து போனைப் பார்த்தாள். அது கறுப்பாகக் கிடந்தது.

பக்கத்தை ஏற்றினாள். தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். முகப்பு, அறைகள், குளம், தோட்டம் எல்லாம் அதனதன் கட்டத்தில் அம்சமாக இருந்தன. போனில் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். போன் அவன் அழைப்புக்காகக் காத்திருந்தது. அவள் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

சாயங்காலம் எதிர்ப் படிக்கட்டில் யாரோ ஏறினார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன.

போன் அலறியது. பாய்ந்து எடுத்தாள். மேனேஜர்.

"மேடம், படமே வரலை!"

"வருதே சார். என் எதிர்ல இருக்கே. முகப்பு, பெரிய ரூம், குளம்..."

"உங்க எதிர்ல இருக்கும் மேடம். இங்க மீட்டிங் ஹால்ல பெரிய திரையில போட்டு வெச்சிருக்கோம். எல்லாம் காலிக் கட்டமா இருக்கு. கட்டத்துக்குள்ள என்னென்னமோ எழுத்து."

"என்ன எழுத்து?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நான் எப்படி மேடம் படிப்பேன்? தலைவர் முழுப் பக்கத்தையும் அவர் கம்ப்யூட்டர்ல கேட்டுட்டாரு. கெட்டிலுக்குள்ள ஒருத்தர் மெலிஞ்சு போயிருக்காராமே, யாருப்பா அது, நம்ம ஹோட்டல்ல சாப்பாடு போடறோமா இல்லையான்னு கேக்கறாரு."

கட்டம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் கெட்டில் இருந்தது. கெட்டிலுக்குள் அவன் இருந்தான், அழிக்கப்படாமல்.

அவன் எப்படி இருக்க முடியும்? சுத்தம் செய்த படத்தில் அவன் இருக்கக்கூடாதே.

வேலை நகல். இறுதி நகலுக்குப் பதிலாக வேலை நகலை ஏற்றியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த படங்கள் எல்லாம் அவள் மேஜையில், அவள் ஃபோல்டரில் இருந்து வந்தவை. ஊருக்கு ஒன்றும் போகவில்லை. போனதெல்லாம் அவள் எழுதிய வரிகள் மட்டும்தான்.

"அஞ்சு நிமிஷம் சார்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "இப்ப சரி பண்ணிடறேன்."

வைத்த கையோடு மறுபடி மணி. இந்தத் தடவை அவன்.

"கட்டம்மா."

"இருங்க, ஒரு தப்பு நடந்துபோச்சு. மாத்திக்கிட்டு இருக்கேன்..."

"கை வைக்காதே."

"ஐயோ, எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும். பார்த்துட்டாங்க. நான் வெளிய வராந்தாவுல நிக்கறேன். என் போன்லயும் காலிக் கட்டம்தான் வருது. ரெண்டு நிமிஷம் கை வைக்காம இரு."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் படிக்க ஆரம்பித்தான். நிதானமாக, பள்ளிப் பையன் பாடம் வாசிப்பது போல.

"'இரண்டு பேருக்கான கட்டில். ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்று சண்டை வரும்.'" நிறுத்தினான். "நான்தான் ஜன்னல் பக்கம்."

"படிக்காதீங்க, ப்ளீஸ்."

"'ஜன்னல் கண்ணாடியில் படம் எடுப்பவர். சட்டையில் மேல் பித்தான் இல்லை.' ஆமா, இல்லைதான். எப்பவோ போச்சு. 'பித்தளை விளக்கு. அதன் தண்டில் நீளமாக ஓர் ஆள். முடி வெட்டிக்கொள்ள வேண்டும்.'" சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, சிரிப்பு இல்லை. "'மின் கெட்டிலின் வயிற்றில் அவர் தெரிகிறார். மெலிந்திருக்கிறார். கோப்பை இரண்டு இருக்கிறது.'"

எதிர்ப் படிக்கட்டு இருட்டாக இருந்தது. பக்கத்து வீட்டு மணி அடித்தது. அவள் எழவில்லை.

"நீ பார்த்திருக்கே" என்றான் அவன்.

"பார்க்காம? எல்லாத்துலயும் இருக்கீங்க. கவனமே இல்லாம எடுக்கறீங்க, களைச்சுப் போயிட்டீங்க போலன்னு..."

"கவனமில்லாமயா? ஏன்டி, இத்தனை வருஷம் கேமரா பிடிச்சவன் எவனாவது ஒரு கெட்டில்ல போய் விழுவானா? ரெண்டு அடி தள்ளி நின்னா விழ மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது துணிக்குவியல் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணும்னே நின்னீங்களா?"

"நேர்ல சொல்ல வாய் வரலை. ஒவ்வொரு படத்துலயும் ஒரு ஓரமா நின்னு அனுப்பினேன். இன்னிக்காவது நீ, 'என்னங்க, கண்ணாடியில தெரியறீங்களே'ன்னு ஒரு வார்த்தை கேப்பேன்னு பார்ப்பேன். பக்கம் வெளிய வரும், திறந்து பார்ப்பேன். கெட்டில் சுத்தமா இருக்கும். கரண்டி சுத்தமா இருக்கும். அவ்வளவு நேர்த்தியா அழிச்சிருப்பே. சரி, இவளுக்கு இது வெறும் வேலைதான் போலன்னு நினைச்சுக்குவேன்."

"ஆள் தெரியக்கூடாதுன்னு விதி..."

"தெரியும். விதி எனக்கும் தெரியும்."

அவன் நின்ற வராந்தாவில் யாரோ சக்கரப் பெட்டி இழுத்துப் போகும் சத்தம் கேட்டது. அவள் திரையில் கெட்டில் இன்னும் இருந்தது. அவளுக்கு மட்டும் தெரிகிற கெட்டில், அவளுக்கு மட்டும் தெரிகிற ஆள். ஒவ்வொரு படத்திலும் முகத்தைக் கடைசியில் அழித்தது அவள் கைக்கு நினைவிருந்தது. அழிக்கிறவளைப் பார்த்துக்கொண்டே அவன் அத்தனை ஊரிலும் நின்றிருக்கிறான்.

தூரத்தில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"உள்ள வரச் சொல்றாங்க" என்றான். குரல் பழையபடி சமநிலைக்கு வந்துவிட்டது. கதவை மறுபடி அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற குரல். "நீ சொல்றதைத்தான் சொல்லப் போறேன். யோசிச்சியா?"

"உங்க..."

சொல் தானாக வந்துவிட்டது, பாதி வரைக்கும். அம்மாவின் தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. அப்பாவின் குரல் கேட்டது. இவனும் ஒரு நாள் சொல்வான். பித்தான் அறுந்தால் சொல்வான், மாதக் கடைசியில் சொல்வான், 'உனக்காகத்தானே விட்டேன்' என்று இதே மேஜையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வான். சொல்லாமல் இருக்க அவன் ஒன்றும் தெய்வம் இல்லை.

சொல்ல வேண்டுமானால் அவன் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் நாற்காலியைச் சாய்த்தாள். துணியெல்லாம் சரிந்து தரையில் விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றான். "கட்டம்மா? இருக்கியா?"

"இருக்கேன்." நாற்காலியை நிமிர்த்தினாள். "இஷ்டம் கிஷ்டம் ஒண்ணும் இல்லைங்க. முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க. எனக்காகத்தான் கேக்கறேன். பின்னாடி தினம் சொல்லிக்காட்டினாலும் சொல்லிக்காட்டுங்க, கேட்டுக்கறேன். வீட்டுக்கு வந்துடுங்க."